மூன்று தட்டுத் தூரம்

தோஹாவில் நான் வேலை பார்க்கும் இடத்தில்
தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை.
கொழும்பு ஒரு தட்டு.
லண்டன் ஒன்றரை:
ஒரு சாப்பாடு, இறங்குமுன் ஒரு பொட்டலம்.
ஆக்லாந்து இரண்டு தட்டும் நடுவில் ஒரு சாண்ட்விச்சும்.
மணிலாக்காரி ரொவேனா அதையும் தட்டென்றே எண்ணுவாள்,
ஆக மூன்று.

வீடு எவ்வளவு தூரம் என்று
நேபாளத்துத் தில்மாயாவைக் கேட்டால்
ஒரு விரல் காட்டுவாள்.
கொஞ்சம் யோசித்து,
அப்புறம் பஸ்ஸில் பதினாறு மணி நேரம் என்பாள்.
அதற்குத் தட்டு கிடையாது.

குளிரறை. எட்டு டிகிரி.
தலையில் வலைத்தொப்பி, உள்ளே இரண்டு ஸ்வெட்டர்.
பெல்ட் நகர நகர
ஒருத்தி பன், ஒருத்தி வெண்ணெய்,
என் கைக்குத் தயிர்க் கிண்ணம்.
ஷிப்டுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்.

பிப்ரவரியில் ரெக்ஸ்லின் டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பினான்.
திருவனந்தபுரம் – தோஹா, நாலரை மணி நேரம்.
தோஹா – ஆக்லாந்து, பதினாறு மணி ஐந்து நிமிடம்.
இடையில் இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம்
என் ஊரில்.
என் ஊர் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மூன்று வருடம் ஏழு மாதமாகப் பார்க்காத தம்பி.
வரைபடத்தில் விரல் வைத்து அளந்தேன்:
எங்கள் கட்டடத்திலிருந்து அவன் ஏறும் வாசலுக்கு
இரண்டு புள்ளி நான்கு.
அவன் வெளியே வந்து திரும்ப நேரம் போதாது.
உள்ளே போக என் அட்டைக்குக் கதவு திறக்காது.
அன்றைக்கு மட்டும் லீவு கேட்டேன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கமாவது நிற்கலாமென்று.
ஃபாதில் தலையாட்டினார்:
ஆக்லாந்து லைனுக்கே ஆளில்லை.
அப்படியானால் அதில் போடுங்கள் என்றேன்.

இருக்கை 34 கே.
எந்த வண்டி, எந்த அடுக்கு, எத்தனையாவது தட்டு என்று
மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்.
நிற்கவில்லை கணக்கு.
எது அவனுடையது என்று தெரியாததால்
முன்னூற்றுச் சொச்சத்தையும் அவனுக்கென்றே வைத்தேன்,
கிண்ணம் கோணாமல், மூடி பிதுங்காமல்.
வேகம் போதவில்லையென்று
ஃபாதில் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

அவன் தரையிறங்கும் முன்பே
அவன் சாப்பாடு முத்திரை வைத்து லாரி ஏறிவிட்டது.

போன் லாக்கரில் இருந்தது.
இடைவேளைக்கு வந்தபோது மணி ஒன்று ஐம்பது.
'எக்கா, இறங்கிட்டேன்.'
'எக்கா, இங்க பெரிய மஞ்சக் கரடி ஒண்ணு இருக்குது.'
கரடியோடு அவன். கன்னம் ஒட்டியிருந்தது.
'நீ எந்தப் பக்கம் இருக்க?'
'ஏறிட்டேன். போன அணைக்கச் சொல்லுறாங்க.'

லாரி வந்து நிற்கும் மேடைக்கு ஓடினேன்.
கடல் பக்கமாக ஒன்று எழும்பியது.
விளக்கு சிமிட்டிச் சிமிட்டி
மேகத்துக்குள் போகும்வரை பார்த்தேன்.
கையைத் தூக்கினேனா என்று நினைவில்லை.
உள்ளே வந்து அட்டவணையைப் பார்த்தால்
அது பிராங்பர்ட்.

மறுநாள் கூப்பிட்டான்.
எனக்கு மாலை, அவனுக்கு அடுத்த நாள் விடியல்.
குளிருதா, ஆள் வந்திருக்கா கூட்டிப்போக,
எல்லாம் கேட்டுவிட்டுத்தான் கேட்டேன்:
'பிளேன்ல என்னத்தலே தின்ன?'
'மொதல்ல ஏதோ கோழி.
பொறவு உறங்கிட்டேன்க்கா, அவங்க எழுப்பல்ல.'
'தயிர்?'
'தயிரா? தயிர் இருந்துதா?'

மூன்றில் ஒன்று.
மீதி இரண்டு தட்டுத் தூரத்தையும்
உறங்கியே கடந்திருக்கிறான்.
மார்த்தாண்டம் பஸ்ஸிலும் அப்படித்தான்,
ஏறி உட்கார்ந்து டிக்கெட் கிழிக்குமுன்னே,
என் தோளில் எச்சில் வடிய.